துணியை எடுக்காத மனிதர்

திமிர் என்று மட்டும் சொல்லாதீர்கள். எதிர்வீட்டு ராமாயி சொல்லட்டும், டீக்கடை பெஞ்சு சொல்லட்டும், குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வாயைத் திறந்துகொள்கிற வரிசை முழுக்கச் சொல்லட்டும். விஷயம் தெரியாத வாய்க்கும் வேலை வேண்டுமே. நீங்கள் சொல்லாதீர்கள். பெண் கேட்டு வந்தவர்களை இலை போட்டு உட்கார வைத்து, ஒரு பருக்கை உள்ளே போகுமுன் எழுந்து போக வைத்தார் பகலவன் என்பது உண்மைதான். அவர்கள் வேன் தெருமுனை திரும்பியதும் இவர் காலில் செருப்புகூட இல்லாமல் பின்னாலேயே கிளம்பினார் என்பதும் உண்மைதான். இந்த இரண்டு உண்மைக்கும் நடுவில் தெரு தன் கைச்சரக்கைக் கொட்டி நிரப்பியிருக்கிறது பாருங்கள், அதுதான் பொய்.

"பையன் கறுப்புன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டானாம்" என்கிறது ஒரு வாய். பகலவன் என்ன பாலாடையில் செய்து வைத்தவரா? "பொண்ணு மனசு வேற எங்கயோ இருக்காம்" என்கிறது இன்னொன்று. அவள் மனசு வைத்த பையன்தான் வேனில் வந்தவனே. "மேடையேறுற ஆளுல்ல, தலைக்கனம்" என்று தீர்ப்பு எழுதுகிறாள் ராமாயி. நீ உள்ளே இருந்து பார்த்தாயா என்று கேட்டால், "உள்ளாற இருந்தாத்தானா? வேன் கெளம்புன வேகத்தப் பாத்தேன்ல" என்கிறாள். வேன் கிளம்புகிற வேகத்தை வைத்து ஒரு வீட்டின் தலையெழுத்தைப் படித்துவிடுகிற தெரு.

தலைக்கனமும் இல்லை, ஒரு கனமும் இல்லை. பகலவன் ஓர் இனத்தைச் சேர்ந்தவர், அவ்வளவுதான். பிறப்பால் வருகிற இனம் அல்ல, பழக்கத்தால் வருவது. காக்க வைப்பவர் இனம்.

இந்த இனத்தாரை அடையாளம் காண்பது சுலபம். கையில் பொருள் இருக்கும், கொடுக்க மனம் இருக்கும், கொடுப்பதற்கென்றே நடந்தும் வந்திருப்பார், ஆனால் கொடுக்க மாட்டார். முதலில் தொண்டையைச் செருமுவார். உங்களைப் பார்ப்பார். உங்கள் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார். நீங்கள் இரண்டு பேரும் ஒழுங்காகப் பார்க்கிறீர்களா என்று பார்ப்பார். "இப்ப என்ன சொல்லப்போறேன்னா" என்பார். "அவசரப்படாதீங்க" என்பார். "அதுக்கு முன்னாடி ஒண்ணு" என்பார். அந்த ஒன்று முடிவதற்குள் உங்கள் பஸ் வந்து, ஆள் ஏற்றி, போயும் விடும். அவருக்கு உங்கள்மேல் பகையா? கிடையாது. பிரியம். உங்களுக்குத் தரப்போகிற பொருள் சாதாரணமாக வந்து விழுந்துவிடக் கூடாதே என்கிற பிரியம்.

இந்த இனத்தில் பெரும்பாலோர் கூலி வாங்காமல் காக்க வைக்கிறவர்கள். பகலவன் அதையே தொழிலாக வைத்திருப்பவர். மாயவேந்தர் பகலவன் என்று போஸ்டரில் பார்த்திருப்பீர்கள். தலைப்பாகையும் சரிகை அங்கியுமாக, புருவத்தை ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்பார். வலங்கைமானுக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே, இரண்டு பக்கமும் வயல் நெருக்குகிற ஊரில் வீடு. கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டுவிழா, வரவேற்பு, காதுகுத்து என்று எங்கே மேடை போட்டாலும் இசைவாணியையும் இரண்டு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இசைவாணி அவர் மனைவி. மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் நின்று, எந்த இடத்தில் பாட்டு ஏற வேண்டும், எந்த இடத்தில் சட்டென்று அறுபட வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறவள்.

மேடையில் அவரைக் குறை சொல்கிறவன் நாக்கு அழுகும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒன்றுமில்லை, ஒரு பித்தளைச் செம்பும் கறுப்புத் துணியும்தான். செம்பைக் கவிழ்த்துக் காட்டுவார், காலி. துணியைப் போர்த்துவார். மற்றவர்கள் இந்த இடத்தில் மந்திரக்கோலால் தட்டி, துணியை உருவி, பூவை எடுத்து நீட்டி, அடுத்ததற்குப் போய்விடுவார்கள். பகலவன் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடிப்பார். பிடித்தபடி நிற்பார். முன்வரிசைப் பிள்ளைகள் கழுத்தை நீட்டும். எடுக்க மாட்டார். நடுவரிசைப் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். எடுக்க மாட்டார். கடைசி வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சைக்கிளில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, வேண்டா வெறுப்பாக நிற்கிறவன் ஒருவன் எல்லாக் கூட்டத்திலும் இருப்பான் அல்லவா, அவன் இருமலை அடக்குகிற நொடி வரைக்கும் எடுக்க மாட்டார். அந்த இருமல் அடங்கியது என்று திரைக்குப் பின்னால் இசைவாணிக்கும் தெரியும், பாட்டை அறுத்துவிடுவாள். அந்த மௌனத்தில் துணி போகும். செம்பு நிறையத் தாழம்பூ. கூட்டம் போடுகிற சத்தத்தில் கோயில் புறாக்கள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றும்.

பூ எங்கிருந்து வந்தது என்பதல்ல வித்தை. அதைக் கடையில் விற்கிற பெட்டியை வாங்கினால் எவனும் செய்யலாம். பார்த்துக்கொண்டிருக்கிற இத்தனை பேரையும் ஒரே மூச்சில் கட்டி நிறுத்துவதுதான் வித்தை.

கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து ஹஸ்ஸான் என்று ஒரு தம்பி, அவரும் மேடைக்காரர், நல்ல கை வேகம். பாபநாசத்தில் ஓர் ஆண்டுவிழாவில் இரண்டு பேரையும் அழைத்துவிட்டார்கள். ஹஸ்ஸான் புறா, குடை, சீட்டுக்கட்டு, கண்ணாடி டம்ளர் என்று மழையாகக் கொட்டிவிட்டு இறங்கி வந்து, "அண்ணே, நீங்க ஒண்ணு காட்டுற நேரத்துல நான் அத்தனையும் காட்டிட்டு, பிரியாணி சாப்ட்டு, வீட்டுக்குப் போயித் தூங்கிடுவேன்" என்று சிரித்தார்.

"பாத்தவனும் தூங்கிடுவான் தம்பி, நீ காட்டுனது என்னன்னு கேட்டா முழிப்பான்" என்றார் பகலவன். "பொங்கப் பானையச் சுத்தி எல்லாரும் எப்ப நிக்கிறோம்? பொங்குறதுக்கு முன்னாடிதானே? பொங்குனப்புறம் யாரு நின்னு பாக்குறா?"

இதைக் கேட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த இசைவாணி, "நின்னு பாத்துக்கிட்டே இருந்தா அடிப்பிடிச்சுடும். பானை கழுவுறது நானு" என்றாள்.

பாருங்கள், சங்கதி இவ்வளவுதான். மேடையில் அமிர்தம், இறங்கி வீட்டுக்கு வந்தால் அடிப்பிடித்த பானை. மேடையை விட்டு இறங்கத் தெரியாதவருக்கு வாசலும் மேடை, வயலும் மேடை, அடுப்படியும் மேடை. சந்தைக்குப் போய் மீன் வாங்கி வருவார். இசைவாணி உலையை வைத்துவிட்டு, "என்ன மீனுங்க?" என்பாள். பையைக் கீழே வைத்து, அதன்மேல் துண்டைப் போட்டு, "நீ என்னன்னு நெனைக்கிற?" என்பார். கெண்டையா? புருவம் ஏறும். விராலா? இன்னும் கொஞ்சம் ஏறும். உலை கொதித்துத் தளும்பி அடுப்பை அணைத்துவிடும். பூனை மட்டும் இந்தக் கேள்வி பதிலில் கலந்துகொள்ளாது. பையின் பின்பக்கமாகப் போய்த் தனக்கு வேண்டிய விடையை எடுத்துக்கொண்டு போய்விடும்.

ஒரு வருடம் ஆற்றில் தண்ணீர் விட்டு, கடைமடைக்கு வந்து சேருமா சேராதா என்று ஊரே வாய்க்கால் கரையில் நிற்கிறது. நாற்றங்கால் காய்கிறது. மதகு வரைக்கும் போய்ப் பார்த்து வருகிற பொறுப்பு பகலவனுக்கு. மொபெட்டில் போனார், பார்த்தார், வந்தார். வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, கையைத் தட்டி, வரப்பின் மேட்டில் ஏறி நின்றார். "தண்ணி..." என்றார். ஊர் மூச்சைப் பிடித்தது. "தண்ணி வருதான்னு கேட்டீங்கன்னா..." என்றார். முதுகுக்குப் பின்னால் சலசலவென்று சருகும் நுரையுமாகத் தண்ணீரே வந்து, எல்லோரும் அவரைத் தள்ளிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்கள். செய்தியைவிடத் தண்ணீர் முந்தி வந்த ஊர் எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான். பகலவனுக்கு வருத்தம் தண்ணீர்மேல். கூடக் கொஞ்சம் பொறுத்து வந்திருக்கலாமாம்.

திருக்கடையூர்க் கதை இன்னும் மோசம். சிவசங்கரன் என்று ஓய்வு பெற்ற பேராசிரியர், அகிலாண்டம் மாமி, அறுபதாம் கல்யாணம். சென்னையிலிருந்து வந்த பேரன் பேத்திகளுக்கு ஓர் ஆசை: தாத்தா பாட்டிக்குப் போடுகிற மாலை காலிக் கூடையிலிருந்து வர வேண்டும். சொன்னார்கள், வந்தார், கூடையைக் காட்டினார், துணியைப் போர்த்தினார், ஓரத்தைப் பிடித்தார். பிடித்தவர்தான். சாஸ்திரிகள் கடிகாரத்தைப் பார்க்கிறார். "நாழியாறது, துணியை எடுங்கோ" என்கிறார். இவர் கடைசி வரிசையைப் பார்க்கிறார். "அய்யா, உமக்குக் கோடி புண்ணியம், முகூர்த்தம் முடியப்போறது!" மேளக்காரர் பார்த்தார், இது ஆகிற காரியமில்லை என்று கெட்டிமேளத்தை அடித்துவிட்டார். அகிலாண்டம் மாமியே எட்டிக் கூடைக்குள் கையை விட்டு மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். வழி நெடுகப் பகலவன் மேளக்காரரைத்தான் திட்டிக்கொண்டு வந்தார். "நாதம் தெரிஞ்ச மனுசன், நிறுத்தம் தெரியலியே!" பக்கத்தில் இருந்த இசைவாணிக்கு அன்றைக்கே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. வீட்டில் கல்யாண வயதில் ஒருத்தி இருக்கிறாளே.

அந்த ஒருத்தி கயல்விழி. மூடின துணியையே பார்த்து வளர்ந்த பிள்ளை அப்பனைப் போலத்தான் ஆகும் என்று நினைப்பீர்கள். தலைகீழ். தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் முகம் வெளுத்து நிற்பார்கள். காகிதத்தை நீட்டுவதற்கு முன்னாலேயே, "ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க" என்றோ, "கொஞ்சம் கூட இருக்கு, இன்னைக்கே டாக்டரப் பாருங்க" என்றோ சொல்லிவிடுவாள். பரிதி தன் அப்பாவை அழைத்துக்கொண்டு அங்கே வந்தவன். மன்னார்குடிக்கு அந்தப் பக்கம் ஊர், விதைப் பண்ணையில் உத்தியோகம். "ஒங்க அப்பாவுக்கு சக்கரை இல்ல, போயி ஜாங்கிரி வாங்கிக் குடுங்க" என்றாளாம். ஜாங்கிரி வாங்கி அப்பாவுக்கு ஒன்றும் இவளுக்கு ஒன்றுமாகக் கொடுத்துவிட்டுப் போனவன், அடுத்த வாரம் எந்த வியாதியும் இல்லாமல் திரும்பி வந்தான். அப்புறம் என்ன? இரண்டு வீட்டிலும் சொன்னார்கள், இரண்டு வீட்டிலும் முணுமுணுத்தார்கள், பிறகு சரி என்றார்கள்.

இதில் ஒரே ஒரு முள். பரிதியின் அம்மா நீலாம்பாள். நல்ல மனுஷிதான், ஆனால் சூடு கண்டவள். மூத்த மகனுக்கு ஒரு வீட்டில் பெண் கேட்டுப் போய், "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்களாம். இவள் கூடத்தைப் பெருக்கி, வாசலைப் பெருக்கி, போன் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நாளைக் கடத்தினாள். பதில் வரவே இல்லை. அந்தப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை வேறொரு வீட்டு அலமாரியில் செருகியிருப்பதைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து நீலாம்பாளுக்கு ஒரு சட்டம்: கேட்ட இடத்தில் கேட்ட நேரத்தில் வார்த்தை வராவிட்டால், வந்த வார்த்தை 'இல்லை' என்றுதான். கயல்விழி இதை அம்மாவிடம் சொன்னாள். அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பூமியில் எத்தனையோ அப்பன்கள் இருக்க, இந்த அம்மாவுக்கு முன்னால் போய் உட்காரப்போகிறவர் பகலவனா!

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சம்பந்தம் முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காப்பித்தண்ணி வரைக்கும் சரி. சோற்றில் கை வைப்பது என்றால், பெண்ணைப் பெற்றவன் வாயால் 'சம்மதம்' என்ற வார்த்தை விழ வேண்டும். இலை போட்டுக்கூட வைக்கலாம். வார்த்தை விழாமல் கை விழாது.

முதல் நாளே இசைவாணி அவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"ஏங்க, ஒரே ஒரு வார்த்தை. சம்மதம். முன்னாடியும் ஒண்ணும் வேணாம், பின்னாடியும் ஒண்ணும் வேணாம்."

"சரி."

"கையத் தூக்கக் கூடாது."

"சரிங்கிறேன்ல."

"கண்ண மூடக் கூடாது. புருவம் ஏறக் கூடாது."

"என்னடி இது, நான் என்ன மேடையிலயா நிக்கப்போறேன்?"

"நீங்க எப்ப எறங்குனீங்க?"

பகலவன் சிரித்தார். சத்தியமும் செய்தார். ஆனால் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவும்போது, 'சம்மதம்' என்று ஒருமுறை மெதுவாகவும், ஒருமுறை கனமாகவும் சொல்லிப் பார்த்தது இசைவாணியின் காதில் விழுந்தது. "ஒத்திகையும் வேணாம்!" என்று அடுப்படியிலிருந்து கத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பரிதி, அவன் அப்பா இராஜாங்கம், நீலாம்பாள், இன்னும் இரண்டு சொந்தக்காரர்கள். பார்த்தார்கள், பேசினார்கள், கயல்விழி கொண்டுவந்த காப்பியைக் குடித்தார்கள். எல்லாம் நீரோட்டமாகப் போனது. கூடத்தில் பாய் விரித்து இலை போட்டாயிற்று. வாழைக்காய் வறுவல், வடை, பச்சடி, பொரித்த அப்பளம், ஆவி பறக்கச் சோறு. இராஜாங்கம் இலையை இழுத்து நேராக வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்து, நல்ல மனுஷர், முகமெல்லாம் சிரிப்பாக, "சம்பந்தின்னே கூப்புடுறனே... ஒங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா கை நனைச்சிடுவோம்" என்றார்.

பகலவன் சொல்லத்தான் வாயைத் திறந்தார். இது சத்தியம். அடுப்படி வாசலில் நெய்க் கிண்ணத்தோடு நின்ற இசைவாணி கண்ணால் பார்த்தாள். உதடு 'ச'வுக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து அவர் கண் கயல்விழிமேல் விழுந்தது. பச்சைப் புடவையில் சுவரோரம் நிற்கிறாள். இந்தப் பெண்ணையா, வாய் திறந்த வேகத்தில் தூக்கிக் கொடுத்துவிடுவது? என் பெண் என்ன ரேஷன் அரிசியா, பையை நீட்டியதும் அளந்து கொட்ட? தெருவில் போகிற கூட்டத்துக்குத் தாழம்பூவைக் காட்டுவதற்கே அப்படி நின்றேனே, இவளுக்கு நிற்க மாட்டேனா? என் கையில் இருக்கிற ஒரே சீர் அதுதானே?

இப்படி நினைத்தார். நினைத்து, எழுந்து நின்றார்.

அடுத்தது என்னென்ன வரும் என்று இசைவாணியைவிடத் தெரிந்தவர் யார்? தோள் இறங்க வேண்டிய இடம். வந்தது. மூச்சு உள்ளே போக வேண்டிய இடம். வந்தது. வலது கை, சத்தியம் செய்த அதே கை, துணியின் ஓரத்தைப் பிடிக்கிறதுபோல இரண்டு விரலைச் சேர்த்துக்கொண்டு மேலே போனது. பார்வை கடைசி வரிசைக்குப் போனது. கடைசி வரிசையில் நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

சோற்றின் ஆவி மெலிந்தது. அப்பளம் நமுத்தது. இராஜாங்கத்தின் சிரிப்பு முகத்தில் இருந்தது, ஆனால் உள்ளே இருந்து ஆள் போய்விட்டது. சொந்தக்காரர் ஒருவர், "என்ன, யோசிக்கிறாரா?" என்று காதோடு கேட்டார். அது எல்லார் காதிலும் விழுந்தது.

"யோசிக்கிறதுக்கு இருக்குன்னாலே முடிஞ்சுதுங்க" என்றாள் நீலாம்பாள். "எந்திரிங்க."

"அக்கா! யோசனை இல்லக்கா, அது அவரு வழக்கம்!" இசைவாணி நெய்க் கிண்ணத்தோடு குறுக்கே ஓடினாள்.

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு ஒரு வழக்கமா? நாங்க ஒரு வீட்டுல பட்டது போதும்மா. பரிதி, எந்திரி."

நீங்கள் கேட்பீர்கள்: அப்போதாவது அந்த மனிதர் வாயைத் திறந்திருக்கலாமே? இங்கேதான் பிழை. மேடைக்காரன் மட்டும் செய்யக்கூடிய பிழை. கூட்டம் அசைகிறது, எழுகிறது, குரல் வருகிறது என்றால் மேடையில் என்ன அர்த்தம்? ஏறிவிட்டது, நன்றாக ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் பொறு, பொறு என்று அர்த்தம். பிள்ளைகள் எழுந்து நின்று கத்துகிற போதெல்லாம் இன்னும் ஒரு மூச்சு அதிகமாக நின்றுதான் இத்தனை வருடக் கைதட்டலும் வாங்கியிருக்கிறார். அந்த ஒரு மூச்சையும் நின்றார். நின்று முடித்து, கையைப் பூப்போல விரித்து, கூடமெல்லாம் கணீரென்று ஒலிக்க, "சம்மதம்!" என்றார்.

எதிரில் இலைகள் இருந்தன. வாசலில் வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. அந்த வேகத்தைத்தான் ராமாயி பார்த்தாள்.

கயல்விழி அழவில்லை. போனை எடுத்து அழைத்தாள். பரிதி எடுத்தான், அவன் கையிலிருந்து நீலாம்பாள் வாங்கிக்கொண்டாள். "அத்தை, எங்க அப்பா சம்மதம்னுதான் சொன்னாரு, இப்ப சொன்னாரு" என்றாள் இவள்.

"இப்பன்னா எப்ப? நாங்க படியெறங்குனப்புறமா?" அந்தப் பக்கத்துக் குரல் கூடத்துக்கே கேட்டது. "போன்ல வர்ற வார்த்தை எனக்கு வேணாம்மா. சொல்ற வாய் நேர்ல வரணும். நாங்க ஊரு போயிச் சேர்ந்தப்புறம் வந்தாலும் கதவு தெறக்காது, அதையும் சொல்லிடு."

போனை வைத்துவிட்டு அப்பனைப் பார்த்தாள். இருப்பதை இருக்கிறபடி சொல்கிற பெண்ணல்லவா? ரிப்போர்ட்டைச் சொல்கிறதுபோலச் சொன்னாள்.

"கூட்டம் எழுந்து போயிடுச்சுப்பா."

மேடையேறுகிறவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? வித்தை தெரிந்துபோயிற்று என்று சொல்லலாம், செம்பு ஓட்டை என்று சொல்லலாம், தாங்கிக்கொள்வான். பகலவன் விரித்த கையை மடக்கவும் மறந்து ஒரு கணம் நின்றார். கணம்தான். அவர் வாழ்க்கையில் அவ்வளவு குறைவாக நின்றதே இல்லை. செருப்பைத் தேடவில்லை, யாரையும் பார்க்கவில்லை, தொண்டையைச் செருமவில்லை. வாசலைத் தாண்டினார். இதைத்தான் தெரு, காலில் விழப் போனான் என்கிறது.

மொபெட்டை முறுக்கிக்கொண்டு போனார். வேன் எங்கே, அந்தப் பழைய மொபெட் எங்கே, எட்டியிருக்காது. ஆனால் மன்னார்குடிக்குப் போகிறவன் நீடாமங்கலம் ரயில் கேட்டைத் தாண்டியாக வேண்டும். காக்க வைப்பவர்களுக்கெல்லாம் குலதெய்வம் ஒன்று உண்டு என்றால் அது அந்தக் கேட்டாகத்தான் இருக்கும். சாத்தியிருந்தது. பஸ், லாரி, நெல் ஏற்றிய டிராக்டர், கரும்பு வண்டி, பைக் என்று ஊர்வலமாக நின்ற வரிசையில் வேனும் நின்றது. பகலவன் மொபெட்டைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினார். பரிதி கண்ணாடியை இறக்கினான். நீலாம்பாள் திரும்பவில்லை.

"சம்..." என்றார். கூட்ஸ் வண்டி ஊதியது.

தண்டவாளம் அதிர, பெட்டி, பெட்டி, பெட்டி, இன்னும் பெட்டி. அவர் வாய் திறப்பது தெரிகிறது, சத்தம் வரவில்லை. மறுபடி கத்தினார். கையை ஆட்டினார். கதவைத் தட்டினார். கழுத்து நரம்பு புடைக்க, வேர்வை கண்ணில் இறங்க, அதே வார்த்தையை விடாமல் கத்திக்கொண்டே இருந்தார். ஊரையே காக்க வைத்தவரைச் சரக்கு வண்டி ஒன்று காக்க வைக்கிறது. நீலாம்பாள் மெல்லத் திரும்பினாள். அவள் பார்த்தது ஒரு தகப்பன் முகத்தை. அதில் புருவம் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்காது. பஸ் ஜன்னலெல்லாம் தலை. பைக்கில் இருந்தவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். இந்த மனிதர் என்னதான் சொல்கிறார்?

கடைசிப் பெட்டி போயிற்று. சத்தம் அறுந்தது. அறுந்த அந்த மௌனத்தில், அவருக்கே தெரியாமல், கத்திக்கொண்டிருந்த வார்த்தை முழுசாக வந்து விழுந்தது:

"சம்மதம்!"

கேட்டுக்கு இந்தப் பக்கமும் கேட்டது, அந்தப் பக்கமும் கேட்டது. பஸ்ஸிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். எதற்கு என்று தெரியாமலே கரும்பு வண்டிக்காரர் கைதட்டினார். ஆயுளில் அப்படி ஒரு நேரம் பகலவனுக்கு வாய்த்ததில்லை; வாய்த்தது என்று தெரிந்துகொள்ளவும் அவருக்குத் தெம்பில்லை. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரைத்துக்கொண்டிருந்தார்.

"காது நல்லாத்தாங்க இருக்கு எனக்கு" என்றாள் நீலாம்பாள். அவர் காலைப் பார்த்தாள். தார் ரோட்டில் வெறுங்கால். "இத அங்கயே சொல்றதுக்கென்ன?"

"அதாவது என்னன்னா..." என்று பகலவன் நிமிர்ந்தார்.

"ஐயோ, வேணாம் சம்பந்தி!" என்று இராஜாங்கம் உள்ளேயிருந்து கும்பிட்டார். "விளக்கமெல்லாம் வேணாம். பசிக்குது."

நீலாம்பாள் டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னாள். கேட் திறந்து, முன்னால் நின்ற வரிசை நகர்ந்து, வேன் திரும்புவதற்குள் இவரிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். "கல்யாணத்துல ஒங்க வித்தைய வச்சுக்குங்க, நானே முன்னாடி ஒக்காந்து பாக்குறேன். ஆனா தாலி கட்டுனப்புறம்."

பகலவன் தலையாட்டினார். உடனே ஆட்டினார்.

இதுதான் அவர் வாசலைத் தாண்டிப் போன நாளின் கதை. ராமாயியிடம் யாராவது சொல்லுங்கள். சொன்னாலும் அவள் வேனைத்தான் நம்புவாள்.

நீங்கள் சிரித்துக்கொள்கிறீர்கள். நமக்கென்ன, நாம் மேடைக்காரர் இல்லையே, தலைப்பாகை இல்லையே என்று. நல்லது. போன வாரம் சாப்பாட்டு நேரத்தில், "உங்கிட்ட ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்து, எல்லோரும் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்த பிறகு, "சரி, சாப்புடு, அப்பறம் சொல்றேன்" என்றது யார்? மகன் பரீட்சையில் தேறிவிட்டான் என்று தெரிந்த பிறகும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தது யார்? "உன்னைப் பிடிச்சிருக்கு" என்கிற இரண்டே வார்த்தையை நல்ல நேரத்துக்கு, நல்ல இடத்துக்கு, இன்னும் நல்ல நேரத்துக்கு என்று மடித்து உள்ளே வைத்திருப்பது யார்?

பதில் சொல்ல வேண்டாம். மெதுவாக யோசித்து, தொண்டையைச் செருமி, சரியான இடத்தில் நிறுத்திச் சொல்வீர்கள் என்று தெரியும். அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக் கூடத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். யாரோ எழுந்து போகிற சத்தம் கேட்கிறது.